வீட்டுக் கிணற்று ஜலமும் அதன் பராமரிப்பும்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் உத்தியோகம். கிணறுகளைத் தணிக்கை செய்வது அதில் அடங்கியதன்று. ஆயினும், எந்தக் கிராமத்தில் போய் இறங்கினாலும் முதன்முதலில் கைக்கு வருவது ஒரு செம்பு ஜலமே ஆதலால், அந்த ஜலம் வந்த இடத்தையும் எட்டிப் பார்க்கும் வழக்கம் எனக்கு ஏற்பட்டுவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் சங்கக் காரியதரிசியின் வீட்டில் தங்க நேர்ந்தது. ஐப்பசி மழை இரண்டு தினங்கள் பெய்து ஓய்ந்திருந்த சமயம். அவருடைய பேத்தி, நான்கு வயதுக் குழந்தை, பேதியினால் துவண்டு, தாலுகா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து, அன்று காலையில்தான் வீடு திரும்பியிருந்தாள். சந்தையில் வாங்கிக் கொடுத்த மிட்டாயே காரணம் என்பது வீட்டாருடைய தீர்மானம். நான் கிணற்றைப் பற்றிப் பிரஸ்தாபித்தபொழுது காரியதரிசிக்குச் சற்று மனவருத்தமே உண்டாயிற்று. "நாற்பது வருஷமாக நாங்கள் குடித்து வருகிற தண்ணீர், ஐயா. இளநீர் தோற்றுப்போகும். போன மாதங்கூடப் பவுடர் போட்டிருக்கிறேன்" என்றார்.

கொல்லைப்புறம் சென்று பார்த்தோம். ஜலம் கண்ணாடிபோல்தான் இருந்தது. ஆனால் கிணற்றின் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு இடிந்து கிடந்தது. சுற்றிலும் தளம் கிடையாது. துணி துவைக்கும் கல் கிணற்றை ஒட்டியே போடப்பட்டிருந்தது. துவைத்த ஜலம் அங்கேயே தேங்கி, சேறாகி, உறையின் இடுக்குகள் வழியாக உள்ளே கசிந்து கொண்டிருந்தது. பத்தடி தூரத்தில் மாட்டுக் கொட்டில். தாம்புக் கயிறு அந்தச் சேற்றிலேயே சுருண்டு கிடந்தது. பவுடர் எங்கே என்று கேட்டேன். ஓராண்டுக்கு முன் வாங்கிய மூட்டை, வாய் திறந்தபடி, தாழ்வாரத்தில் இருந்தது. முகர்ந்து பார்த்தேன், சுண்ணாம்பு வாசனையன்றி வேறு வாசனை இல்லை.

சுகாதார இலாகா நண்பர் ஒருவரிடம் வாங்கி வைத்திருந்த சோதனைக் குப்பி ஒன்று என் பையில் இருந்தது. அதில் மருந்து தோய்ந்த காகிதத் துண்டு இருக்கும். ஜலத்தை ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மல சம்பந்தமான கிருமிகள் உள்ள ஜலம் ஓரிரு நாளில் கறுக்கும். காரியதரிசியின் கிணற்று ஜலம் மறுநாள் மாலைக்குள் மை போலக் கறுத்துவிட்டது.

தெளிவு வேறு, சுத்தம் வேறு. ருசியும் சாட்சியாகாது. 1854ஆம் வருஷத்தில் லண்டன் நகரத்தின் பிராட் வீதியில் காலரா பரவியபொழுது, ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, அந்த வீதிக் கிணற்றின் பம்பே காரணம் என்று கண்டார். அந்த ஜலத்தின் ருசியில் பிரியம் வைத்த ஒரு விதவை, ஹாம்ஸ்டெட் என்னும் தூரமான பகுதிக்குக் குடிபோன பின்னும், அதையே வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்தாள். அவள் வசித்த பகுதியில் காலரா இல்லை. அவள் மாத்திரம் மாண்டாள். பின்னர்த் தோண்டிப் பார்த்தபொழுது, அடுத்த வீட்டு மலக்குழி கிணற்றுக்கு மூன்றடிக்குள் இருந்ததும், அதன் செங்கல் கட்டு சிதைந்து கசிந்ததும் வெளியாயின. அந்தக் குழியும் ஒருவருடைய சொந்தக் குழியே. தம் நிலத்தில் தாம் தோண்டியதே. பூமிக்குள் ஓடும் ஜலத்துக்குப் பட்டாவும் தெரியாது, வேலியும் தெரியாது.

கிணற்றின் அரண்

ஒரு கிணற்றைச் சுத்தமாக வைப்பதில் மருந்து இரண்டாவது; அரணே முதலாவது. இதற்கு நம் தேசத்திலேயே ஒரு நல்ல அத்தாட்சி உண்டு. நரம்புச் சிலந்தி என்னும் வியாதியைப் பெரியவர்கள் அறிவார்கள். காலில் கொப்புளம் கண்டு, அதன் வழியே நூல்போல் நீண்ட புழு வெளிவரும். அக்காலுடன் படிக்கிணற்றில் இறங்கி ஜலம் மொண்டால், புழுவின் குஞ்சுகள் ஜலத்தில் கலந்து, அதிலுள்ள சிறு நீர்ப்பூச்சிகளின் வயிற்றில் புகும். அந்த ஜலத்தை வடிகட்டாமல் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துப் புழு தோன்றும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை. புழுவைக் கொல்லும் ஔஷதமும் இல்லை. சில இடங்களில் நீர்ப்பூச்சியைக் கொல்ல ஜலத்தில் மருந்து இட்டார்களாயினும், முக்கியமாகச் செய்தது, படிக்கிணறுகளை மாற்றியதும், ஜலத்தில் கால் படாதபடி தடுத்ததும், துணியால் வடிகட்டிக் குடிக்கக் கற்பித்ததுமே. இந்தியாவில் கடைசி நோயாளி 1996ஆம் வருஷத்தில் காணப்பட்டார். 2000ஆம் வருஷத்தில் நம் தேசம் அவ்வியாதியினின்றும் நீங்கியதாக உலக சுகாதார ஸ்தாபனம் அத்தாட்சி அளித்தது.

ஆகவே முதலில் கிணற்றின் வாயைக் கவனிக்கவேண்டும். கைப்பிடிச் சுவர் தரைக்கு மேல் இரண்டரை அடி உயரம் இருக்கவேண்டும். சுவரின் மேற்புறம் தட்டையாயிருந்தால் பெண்கள் அதன்மேல் குடத்தை வைப்பார்கள். பிள்ளைகள் ஏறி உட்காருவார்கள். காலில் ஒட்டிய மண் உள்ளே விழும். மேற்புறத்தை வெளிப்பக்கமாகச் சரித்துப் பூசிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. கிணற்றைச் சுற்றி மூன்றடிக்குக் குறையாத அகலத்தில், வெளிப்பக்கம் வாட்டமாக, சிமெண்டுத் தளம் போடவேண்டும். தளத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் வகுத்து, சிந்திய ஜலத்தை முப்பது அடிக்கு அப்பாலுள்ள வாழைப் பாத்திக்கோ உறிஞ்சு குழிக்கோ கொண்டுபோய் விடலாம். துவைக்கிற கல்லுக்கும் அங்கேதான் இடம்.

இதைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத பாகம். தரைமட்டத்திலிருந்து இருபது அடி ஆழம் வரையில் கிணற்றின் சுவர் ஜலம் கசியாதபடி சிமெண்டுப் பூச்சுடன் இருக்கவேண்டும். மேலே தேங்கும் அழுக்கு ஜலம் அவ்வளவு மண்ணையும் கடந்து கீழே இறங்கினால், மண்ணே அதைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும். உறைகளின் இடுக்கு திறந்திருந்தால், மூன்றடி இறங்கியதுமே பக்கவாட்டில் உள்ளே பாயும். பழைய உறைக் கிணறுகளில் இந்த இடுக்குகளை அடைப்பதற்கு ஆகும் செலவு, புதுக் கிணற்றின் செலவில் ஒரு சிறு பங்கே.

வாளியும் கயிறும் ஒன்றாயிருப்பது நலம். ஆளுக்கொரு வாளி கொண்டுவந்து இறக்கினால், ஆளுக்கொரு வீட்டு முற்றத்து மண்ணும் உடன் இறங்கும். கயிற்றை முளையில் சுற்றித் தொங்கவிடலாம். கிணற்றை மேலே பலகையாலோ சிமெண்டு மூடியாலோ மூடி, கைப்பம்போ மோட்டாரோ வைத்து இறைத்தால் வாளி விவகாரமே இல்லை. இலை, தழை, கொசு ஆகியவற்றின் விவகாரமும் இல்லை. வெயில் படாத ஜலம் கெட்டுவிடும் என்று சில பெரியவர்கள் ஆக்ஷேபிப்பதுண்டு. வெயில் அதிகம் படும் கிணற்றில்தான் பாசி பிடிக்கிறது.

கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடி தூரம் இருக்கவேண்டும். எருக்குழிக்கும் கொட்டிலுக்கும் அதே விதி. 2014ஆம் வருஷத்தில் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தின் மூலம் கிராமங்களில் ஏராளமான கக்கூஸ்கள் ஏற்பட்டது பெரிய நன்மையே. ஆனால் மூன்று சென்ட் மனையில் முன்புறம் கிணறும் பின்புறம் குழியும் அமைந்தால், ஐம்பது அடிக்கு எங்கே போவது? குழி நம்முடையதாயிருந்து கிணறு அண்டை வீட்டாருடையதாயிருந்தால் யாரும் அளந்து பார்ப்பதில்லை. பாறை வெடிப்புள்ள ஊர்களில் ஐம்பது அடியும் போதாமற் போகலாம். வெடிப்பு வழியே ஜலம் வடிகட்டாமல் ஓடும். அத்தகைய மனையில் குழியைக் கிணற்றுக்குத் தாழ்வான பக்கத்தில் அமைப்பதும், குடிக்கும் ஜலத்தை விடாமல் காய்ச்சுவதும் அன்றி வேறு வழி இல்லை.

பவுடரின் கணக்கு

1890களில் ஆக்ராவில் இரசாயனப் பரிசோதகராயிருந்த ஹாங்கின் என்பவர், காலரா சமயத்தில் கிணறுகளில் பொட்டாசியம் பர்மாங்கனேட் இடும் முறையைப் பரப்பினார். கிணற்று ஜலம் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்த ஞாபகம் வயதானவர்களுக்கு இருக்கலாம். இன்று அதைவிட நிச்சயமானது பிளீச்சிங் பவுடர். ஆனால் அதை அளந்து போடுபவர் மிகச் சிலரே. சங்கத்தில் கடனுக்கு வட்டி போடும்பொழுது ஒரு ரூபாய் பிசகினால் கூட்டம் கூட்டுகிற நாம், பவுடரைக் கைப்பிடிக் கணக்கில் போடுகிறோம்.

கிணற்றிலுள்ள ஜலத்தைக் கணக்கிடுவது சுலபம். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளந்தால் ஜலத்தின் ஆழம் தெரியும். கிணற்றின் குறுக்களவை அதே அளவால் பெருக்கி, அதை ஆழத்தால் பெருக்கி, வந்ததை 22ஆல் பெருக்கவேண்டும். அளவுகள் அடிக்கணக்கில் இருந்தால் விடை லிட்டரில் வரும். குறுக்களவு 6 அடி, ஜலம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். ஆறாறு முப்பத்தாறு, பத்தால் பெருக்க 360, அதை 22ஆல் பெருக்க 7,920. ஏறக்குறைய 8,000 லிட்டர்.

தெளிந்த ஜலமாயின் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பவுடர் போதும். ஆகவே இந்தக் கிணற்றுக்கு 20 கிராம். கலங்கிய ஜலத்துக்கு இதைப்போல் இரண்டு மடங்கும் வேண்டியிருக்கலாம். "நல்ல பவுடர்" என்பதைக் கவனிக்கவேண்டும். புதிய பவுடரில் நூற்றுக்கு முப்பத்துமூன்று பங்கு குளோரின் இருக்கும். காற்றும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் அது நாளுக்கு நாள் குறைந்து, கடைசியில் வெறும் சுண்ணாம்பு மிஞ்சும். வட்டி ஏறுவதுபோலவே இதன் வீரியம் இறங்குகிறது. இரண்டும் நாம் தூங்கும்போதும் நடக்கின்றன. காரியதரிசியின் மூட்டை இந்த நிலையில்தான் இருந்தது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், இருட்டான உலர்ந்த இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும். இரும்புப் பாத்திரம் அரித்துப்போகும். மண்ணெண்ணெயுடனோ அமிலத்துடனோ அதைச் சேர்த்து வைக்கலாகாது.

பவுடரை அப்படியே கிணற்றில் தூவுவதும் தவறு. பிளாஸ்டிக் வாளியில் இட்டு, சிறிது ஜலம் விட்டுக் குழம்பாகக் கரைத்து, பின்னர் முக்கால் வாளி வரை ஜலம் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிடவேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மாத்திரம் வேறொரு வாளியில் இறுத்து, அந்த வாளியைக் கயிற்றில் கட்டி ஜலத்துக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் பலமாக ஆட்டவேண்டும். கரைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டு காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பது நல்லது. இரவில் எல்லோரும் இறைத்து முடித்த பிறகு போடலாம். ஒரு மணி நேரத்துக்குள் எவரும் இறைக்கக்கூடாது.

போட்டது போதுமா என்று தெரிந்துகொள்ள, ஊராட்சிப் பணியாளர்கள் குழாய் ஜலத்துக்கு உபயோகிக்கும் குளோரின் சோதனைப் பெட்டியே போதும். சிலவற்றில் ஜலம் மஞ்சளாகும், சிலவற்றில் இளஞ்சிவப்பாகும். ஒரு மணி கழித்து லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மீந்திருந்தால் சரி. ஒன்றும் மீதியில்லையென்றால், போட்ட குளோரின் முழுவதையும் அழுக்கே தின்றுவிட்டது என்று பொருள், இன்னும் போடவேண்டும்.

எவ்வளவு நாளைக்கு இது நிற்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஊற்று ஊறிக்கொண்டே இருக்கிறது; நாம் இறைத்துக்கொண்டே இருக்கிறோம். மாதத்துக்கு ஒரு முறை போடும் பவுடர் மாதத்தில் ஒரு நாளைக்குத்தான் காவல். காலராவோ பேதியோ ஊரில் நடமாடும்பொழுது தினந்தோறும் போடவேண்டும். கோடையில் ஜலம் குறைந்து, 4,500 லிட்டர் அளவில் நிற்கும் சிறு கிணறுகளுக்கு நாகபுரி தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒரு யுக்தி வகுத்திருக்கிறார்கள். ஒரு சிறு மண்பானையின் மேல்பாகத்தில் விரல் நுழையும் துவாரம் இட்டு, ஒரு கிலோ பவுடரையும் இரண்டு கிலோ பெருமணலையும் ஈரமாகக் கலந்து துவாரத்துக்கு ஓர் அங்குலம் கீழ்வரை நிரப்பி, அதைப் பெரிய பானைக்குள் வைக்கவேண்டும். பெரிய பானையின் துவாரம் அடியிலிருந்து ஒன்றரை அங்குலம் மேலே. அதன் வாயைப் பிளாஸ்டிக் தாளால் கட்டி, ஜலமட்டத்துக்கு மூன்றடி கீழே தொங்கவிட்டால், இரண்டு மூன்று வாரம் வரை குளோரின் சிறுகச் சிறுகக் கசிந்து வரும்.

தூர் வாரும் சமயம்

வருஷத்துக்கு ஒரு முறை, சித்திரை வைகாசியில் ஜலம் அடியில் நிற்கும்பொழுது, தூர் வாருவது நம் முன்னோர் வழக்கம், அதைக் கைவிடலாகாது. ஆனால் கிணற்றில் இறங்குவதில் உயிர்ச்சேதம் உண்டு. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றின் அடியில் பிராணவாயு குறைந்து, கரியமில வாயு தேங்கியிருக்கலாம். விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்கலாகாது என்பது உண்மை. அணையாவிட்டால் இறங்கலாம் என்பது உண்மையன்று. விஷவாயு சிலவற்றில் விளக்கு எரியும். தீப்பற்றும் வாயு இருந்தால் விளக்கே ஆபத்து. எண்ணெய் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவதை எக்காரணத்தாலும் செய்யக்கூடாது. அதன் புகையிலுள்ள வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. இறங்கினவன் மயங்கி விழுந்தால், அவனைத் தூக்க இறங்கும் தம்பியும், தம்பியைத் தூக்க இறங்கும் தகப்பனும் கூடவே மடிகிறார்கள். ஒரு கிணற்றில் இரண்டு மூன்று பேர் மாண்ட செய்திகள் இப்படித்தான் உண்டாகின்றன. இறங்குகிறவனுடைய இடுப்பில் கயிறு கட்டி, அதன் மறுநுனியை மேலே இருவர் பிடித்திருக்கவேண்டும். மயங்கினவனைக் கயிற்றால் மேலிருந்தே இழுக்கவேண்டும். தீயணைப்பு நிலையத்தாருக்கும் உடனே சொல்லியனுப்பவேண்டும்.

தூர் வாரிய பிறகும், வெள்ளம் புகுந்த பிறகும் சாதாரண அளவு போதாது. சுவரைப் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவி, ஜலம் ஊறியபின் ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் வீதம் இடவேண்டும். முன் சொன்ன கிணற்றுக்கு 1,200 கிராம் ஆகிறது. பன்னிரண்டு மணி நேரம் மூடிவைத்து, பிறகு நெடி போகும்வரை இறைத்துக் கொட்டவேண்டும். அந்த ஜலத்தை மீன் உள்ள குளத்தில் விடலாகாது. 2015ஆம் வருஷத்து மழையில் கடலூர்ப் பக்கம் வெள்ளம் சூழ்ந்ததைப்போல நேர்ந்தால், பூமி ஊறியிருக்கும்பொழுது கிணற்றை ஒரேயடியாக வற்ற இறைப்பதும் ஆபத்து. வெளியிலுள்ள ஜலத்தின் பாரம் தாங்காமல் உறை சரியலாம்.

பவுடருக்கு எட்டாதவை

பவுடர் கிருமியைக் கொல்லும், உப்பைக் கொல்லாது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்தால் கலங்கல் தெளியும். கிருமிகள் எல்லாம் நீங்கிவிடா. நெல்லிக்கட்டை இடுவதும் நல்ல வழக்கமாகவே இருக்கட்டும். அதை நம்பிக் காய்ச்சாமல் குடிக்கவேண்டாம். ஜலம் நன்றாகக் கொதித்து ஒரு நிமிஷம் கழிந்தால் போதும். காய்ச்சிய பிறகு பானைக்குள் கைவிட்டு மொள்ளுவதால் பயன் போய்விடுகிறது. நீண்ட காம்புள்ள கரண்டி வேண்டும்.

ஆனால் காய்ச்சினாலும் தீராத குற்றங்கள் சில உண்டு. 1937ஆம் வருஷத்தில், அக்காலம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில், முதுகும் மூட்டும் விறைத்துக் கூனிய குடியானவர்களை ஷார்ட் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும் பரிசோதித்து, கிணற்று ஜலத்திலுள்ள புளோரைடே காரணம் என்று வெளியிட்டார்கள். நம் பக்கத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் இத்தொல்லை உண்டு. பிள்ளைகளின் பற்களில் மாறாத பழுப்புக் கறை காண்பது முதல் அறிகுறி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு ஜலமே கிடையாதென்றால் 1.5 வரை. எருக்குழியிலிருந்தும் உரமிட்ட வயலிலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டும் இத்தகையதே; லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களுக்குப் புட்டிப்பாலில் கலந்து கொடுக்கும்பொழுது உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சக் காய்ச்ச ஜலம் சுண்டுவதால் இவ்விரண்டும் செறிவாகின்றனவே ஒழியக் குறைவதில்லை. ஜில்லாதோறும் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச்சாலை இருக்கிறது. புதிதாகக் கிணறு வெட்டக் கடன் கேட்கும் அங்கத்தினர், அண்டைக் கிணற்றின் ஜலத்தை ஒரு முறை அங்கே கொடுத்துப் பார்த்துவிட்டு வெட்டுவது உசிதம்.

முன் சொன்ன காரியதரிசி மனவருத்தத்தை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அவ்வருஷமே கைப்பிடிச் சுவரை எழுப்பி, தளம் போட்டு, உறை இடுக்குகளை அடைத்தார். துவைக்கிற கல் வாழைப் பாத்திக்குப் போயிற்று. பவுடரை அங்கத்தினர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து சங்கத்தின் மூலம் ஒரே தடவையில் வாங்கி, சிறு டப்பாக்களில் பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு டப்பாவின்மேலும் வாங்கிய தேதியையும், அந்த வீட்டுக் கிணற்றுக்குப் போடவேண்டிய கிராமையும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த தணிக்கைக்குப் போனபொழுது வேறொரு குப்பியில் ஜலம் பிடித்து வைத்தேன். இரண்டு நாள் ஆகியும் கறுக்கவில்லை. மாட்டுக் கொட்டில் மாத்திரம் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. தை மாதம் அறுவடையானதும் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.